பீட்ரூட் அல்வாவில் விஷம் இல்லை

மரியாதைக்குரிய சிக்கந்தர் மாமாவுக்கு,

இல்லை, நான் விஷம் வைக்கவில்லை. முதலில் ஸலாம் சொல்லியிருக்க வேண்டும். அஸ்ஸலாமு அலைக்கும். குமுளியில் மாமியும் பிள்ளைகளும் நலமா? இங்கே சுருளிப்பட்டியில் எல்லோரும் நலம், நீங்கள் பேசிமுடித்த என் கல்யாணத்தைத் தவிர.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அத்தா ராஜா முகம்மது முப்பது வருடமாகப் பீட்ரூட் பயிரிடுகிறவர். அவரைக் கௌரவிக்க பீட்ரூட் அல்வா கிண்டினேன். அவர் அதைத் தின்றதே இல்லையாம். லாரியில் ஏற்றுவதோடு சரி. "ஆத்தா, இது நம்ம கிழங்கா!" என்று நான்கு கிண்ணம் தின்றார். மிச்சத்தைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காலை அவருக்குச் சிறுநீர் சிவப்பு. டாக்டரிடம் சொல்ல வெட்கம். ஊரெல்லாம் சொல்ல வெட்கமில்லை. "என்னையக் கொல்லப் பாத்தாக!"

அது பீட்டாலைன், மாமா. பீட்ரூட்டுக்கும் வாசல் காகிதப்பூவுக்கும் நிறம் தருவது. நம் பன்னீர் திராட்சையின் கருப்பு வேறு, ஆந்தோசயனின். ஒன்று இருக்கும் செடியில் மற்றது இருப்பதில்லை. இரண்டும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர். அடுப்பு, சர்க்கரை, நெய், ஒரு மாமனாரின் வயிறு. அத்தனையும் கடந்து, வெளியே வந்தும் நிறமாகவே. சுப்ஹானல்லாஹ் என்றேன். அம்மா கரண்டியோடு வந்தார்.

நிரூபிக்க என் அத்தா அரைக்கிலோ பீட்ரூட் தின்றார். விடிந்ததும் அவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். "எனக்கு எப்பவும் போலத்தேன் போச்சு." பொய் வராத மனிதர். பத்தில் ஒருவருக்குத்தான் அப்படிச் சிவக்கும் என்று பின்னாலிருந்து கத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா சாபிரா விடவில்லை. "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தனியா கலந்தாகளா?"

நிச்சயம் முறிந்தது. ஒரே ஒரு நாளுக்கு.

மறுநாள் மாலை மாப்பிள்ளை நசீம் அழைத்தார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள்: "தூக்குவாளில இருந்தத நான் தின்னுட்டேங்க. எனக்கும் செவப்பு. வீட்டுல சொல்லிட்டேன்."

விஷம் என்று மூடிவைத்த அல்வாவை! ராஜா முகம்மது சிரித்துவிட்டாராம். "எம் மகன்டா!" கல்யாணத் தேதி அப்படியே இருக்கிறது. மாமிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். எங்களுக்காக துஆ செய்யுங்கள்.

தங்கள் மருமகள்,
ரிஸ்வானா

பி.கு.: உறையை ஒட்டுமுன் நசீம் மறுபடி அழைத்தார். "ஒங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. எனக்கு ஒன்னும் செவக்கல." இந்தப் பகுதியை மட்டும் கிழித்துவிடுங்கள், மாமா. போனை வைத்துவிட்டு கம்பம் டவுனில் உள்ள அச்சகத்துக்குப் போனேன். அழைப்பிதழுக்குப் பீட்ரூட் நிறம் சொன்னேன்.