ஒரு விசிலுக்குப் பிடி, இரண்டு விசிலுக்கு விடு

சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் தேடினாலும் விசில் மாமாவைப் போல வெட்கம் என்பதே இல்லாத மனிதர் கிடைக்க மாட்டார். முப்பது வருஷம் கடலூர் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை.

2008 வாக்கில் எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் இருமினால் வேட்டி நனையும், எழுந்தால் நனையும். வெளியே போவதையே விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். "தாரை வார்க்க உங்க அண்ணனையே உக்காரச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சேதி எப்படியோ மாமா காதுக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து வந்து நின்றார்.

"இன்னா மச்சான், ஒழுவுதாமே? எனக்கும் இதே ஆபரேஷன்தான், இதே ஒழுவல்தான். பயிற்சி பண்ணியே நிறுத்திட்டேன். காத்தால அஞ்சரைக்கு ரெடியா இரு!"

சம்பந்தியம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டர் எனக்கும் அந்தப் பயிற்சியைச் சொல்லியிருந்தார். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். இரண்டு நாள் செய்துவிட்டு மறந்து போனேன். மாமாவிடம் அதெல்லாம் நடக்காது. நடைப்பயிற்சியோடு சேர்த்தே செய்ய வேண்டும். ஒரு விசில் ஊதினால் நின்று பிடி. இரட்டை விசில் ஊதினால் விட்டுவிட்டு நட.

"மூச்ச ஏன் புடிக்கிற? மூஞ்சி செவக்குது பாரு. மேல லூசா வுடு, கீழ மட்டும் புடி!" என்று நட்ட நடு வீதியில் கத்துவார். பூக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

ஒருநாள் புவனகிரி டவுன் பஸ் எங்களைக் கடந்தபோது மாமா ஒரு விசில் ஊதினார். நான் பிடித்தேன், பஸ்ஸும் நின்றது. ஏறுவது யார் என்று பார்க்க அதன் கண்டக்டர் இறங்கினார். மாமா பத்து எண்ணி முடித்து இரட்டை விசில் கொடுத்தார். நான் விட்டேன், பஸ் கிளம்பிப் போயே விட்டது.

"யோவ் பெரியவரே, இன்னாய்யா வேல இது?" என்று கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"கோச்சிக்காத தம்பி, வைத்தியம் நடக்குது!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். நனைந்தது, ஆனால் முன்பு நனைந்ததில் பாதிதான். தாரை வார்க்க உட்கார வேண்டாம் என்று அன்றே மைத்துனரிடம் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு யாரு மாமா விசில் ஊதுனது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு யாரு இருக்கா? நானே ஊதி நானே புடிச்சேன். எட்டு மாசம் ஆச்சு. கூட ஒரு ஆளு இருந்தா சீக்கிரம் ஆவும் மச்சான்."

கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்தேன். ஓமப் புகையில் தொண்டை கமறியது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் பயந்துபோய் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அங்கே மாமா விசிலை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பிடித்தேன். மூன்று முறை இருமினேன். இரண்டு விரல் காட்டினார். விட்டேன். பட்டு வேட்டியில் ஒரு சொட்டு இல்லை. மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுத்தேன்.

நான் கண்ணைத் துடைத்ததற்குப் புகைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை வரைக்கும் புகை போகவே இல்லை.