ஒத்தைத் தட்டும் சோழபுரம் சித்தப்பாவும்

காசு கொடுத்து ஆள் சேர்ப்பது கட்சிக்காரர்களுக்கு மட்டுமே ஆன வேலை என்று நினைத்திருந்தேன். பிறகு நானும் சேர்த்தேன். (பிரியாணிப் பொட்டலம் மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு வசதி இல்லை.)

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி பார்ப்பது என் வேலை. எங்கே நூல் விலகியிருக்கிறது, எங்கே கறை இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். என் கண்ணில் எதுவும் தப்பாது என்று கம்பெனியில் பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வாடகை மாடிவீட்டில் நான் மட்டும்தான். தனியாக இருப்பது எப்படியோ பழகிவிட்டது, தனியாகச் சாப்பிடுவதுதான் பழகவே இல்லை. ஒருத்திக்கு என்று குழம்பு வைத்துப் பாருங்கள், எப்படி அளந்து வைத்தாலும் மூன்று பேருக்கு வந்து நிற்கும். அந்த மூன்று பேரும் நானே.

என்னைப்போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தோன்றி, ஃபேஸ்புக்கில் ‘ஒத்தைத் தட்டு’ என்று ஒரு குழு ஆரம்பித்தேன். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் தட்டைப் படம் எடுத்துப் போட்டு நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி ஆட்கள் மொய் எழுதுகிற மாதிரி வந்து சேர்ந்தார்கள், சேர்ந்ததோடு சரி. வெளியாள் ஒருவர் வந்தார். அவர் போர்வெல் போட்டுத் தருவதாக விளம்பரம் போட்டுவிட்டுப் போனார். கடைசியில், தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கான குழுவிலும் நான் தனியாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் எனக்கு ஒரே சிநேகிதி மல்லிகா. “ஏட்டி, ஒரு போஸ்ட்டுக்கு இம்புட்டுன்னு குடுத்துப் பாரு, தன்னால வருவாக” என்றாள். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சு ஒரு பேச்சா? அப்படியும் ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரத்தில் என்னிடம் “சாப்டீங்களா?” என்று கேட்ட ஒரே மனுஷர் பல் டாக்டர். அவரும் ஃபீஸ் வாங்கினார். சரி, ஊர் உலகமே அப்படித்தான் என்று, ஒரு பதிவுக்கு இருபது ரூபாய் என்று அறிவித்துவிட்டேன்.

நாலு பேர் வந்தார்கள். புருஷன் துபாயில் இருக்கும் ஒரு பெண், ஹாஸ்டல் மாணவி, லாரி டிரைவர், பிறகு ‘தனிமரம்’ என்ற பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர் ஒருவர். அவர் மனைவியை இழந்தவர். “இன்று ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டதா என்று கேட்க அவள் இல்லை. நானே கேட்டு, ஆமாம் என்று நானே சொல்லிக்கொண்டேன்” என்று எழுதியிருந்தார். படத்தில் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு செம்பு. செம்பில் ‘அன்பளிப்பு: சோழபுரம் சித்தப்பா’ என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த செம்பாக இருக்கும், அவள் இல்லை, செம்பு இருக்கிறது என்று நினைத்து, பார்த்திராத அந்த அம்மாளுக்காக உட்கார்ந்து அழுதேன்.

(மறுநாள் துபாய்க்காரர் மனைவியின் படத்திலும் சோழபுரம் சித்தப்பா செம்பு இருந்தது. சோழபுரத்தில் சித்தப்பாக்களுக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டேன். என் கண்ணில் எதுவும் தப்பாது.)

அதன்பிறகு என் சாயங்காலங்கள் மாறிப்போயின. போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, அவர்கள் எழுதியதைப் படித்தபடியே சாப்பிடுவேன். நாலு வரிக்கு நாற்பது வரி பதில் எழுதுவேன். அம்மாவைப் பற்றி, அவளுடைய புளிக்குழம்பைப் பற்றி, யாரிடமும் சொல்லாததை எல்லாம் எழுதினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை இருபது ரூபாய் அனுப்பும்போதும் ஒரே கேள்விதான். காசை நிறுத்தினால் இவர்கள் இருப்பார்களா? “ஒரு வாரம் நிறுத்திப் பாரேன், தெரிஞ்சிரும்” என்றாள் மல்லிகா. தெரிந்துவிடும் என்பதுதான் பயம்.

அதனால் புத்திசாலித்தனமாக வேறொன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஓட்டலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம், பதிவுக்குக் காசு கிடையாது, வருகிறவர்கள் அன்புக்கு வாருங்கள் என்று எழுதினேன். நாலு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. லாரி டிரைவருக்கு நாக்பூரில் காய்ச்சல். “கஞ்சி வைத்துத் தரக்கூட ஆள் இல்லை” என்று பெரியவர் எழுதினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தேரடிக்குப் பின்னால், ரேஷன் கடைக்கு எதிர்வீடு என்று அவர் எப்போதோ எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கஞ்சியும் பருப்புத் துவையலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதிக் கஞ்சி பஸ்ஸிலேயே என் சேலையில் கொட்டியது.

வாசலில் விசேஷ வீடு மாதிரி செருப்புகள் கிடந்தன. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே முடிவு கட்டி, மாரில் கைவைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் ஒரு பெரிய குடும்பம் வரிசையாக உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒத்தைக் கிண்ணத்தில் கஞ்சி, பக்கத்தில் சோழபுரம் சித்தப்பா செம்பு. ஒரு இளம்பெண் போனைப் பிடித்துக்கொண்டு, “நெழல் விழுது, செத்த தள்ளி உக்காருங்க மாமா” என்று பெரியவரை விரட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார், நான் அழுது தீர்த்த அந்த அம்மாள்.

“நான்... ஒத்தைத் தட்டு” என்றேன். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

இளம்பெண்ணின் கையிலிருந்து போன் விழுந்தது. அவள் செல்வி, அந்த வீட்டின் இளைய மருமகள். தனிமரம், துபாய், ஹாஸ்டல், லாரி எல்லாமே அவளும் அவளுடைய ஓரகத்தியும்தான். விசாரணை நடந்தது. தான் மனைவியை இழந்தவர் என்ற செய்தி பெரியவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏட்டி செல்வி, என்னைய எம்புட்டு ரூவாய்க்குக் கொன்ன?”

“இருவது ரூவா, அத்தை.”

“அம்புட்டுத்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலையெல்லாம் கஞ்சி. காசுக்காகத்தானே என்று செல்வியிடம் கேட்டேன். கேட்டே விட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மொதல்ல காசுக்குத்தான்க்கா. பொறவு நீங்க அம்புட்டு நீளமா பதில் போடுதீக. நானும் ஓரகத்தியும் அடுப்படில அதை வாசிச்சிட்டுத்தான் சாப்பிடவே உக்காருவோம். ஒருநாள் போடலைன்னா, இந்நேரம் அக்கா தனியா உக்காந்திருக்குமேன்னு சோறு எறங்காது.”

நான் திரும்பிப் போகத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கித் திறந்து பார்த்து, “செத்தவ புருஷனுக்குக் கஞ்சி கொண்டாந்திருக்கா, உக்காரச் சொல்லுங்களேன்” என்றார். உட்கார்ந்தேன். நான் கொண்டுபோன மிச்சக் கஞ்சியைக் கறிக்குழம்போடு சேர்த்து எல்லோருமாகக் குடித்தோம்.

குழுவை மூடிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போவேன். சாப்பிட்டுவிட்டு எழுந்தால், “இருவது ரூவா வச்சிட்டுப் போ” என்பார் அத்தை. ரசத்தில் உப்பு கூடினால் பெரியவர் சுவரைப் பார்த்து, “கேக்க அவ இல்லையே” என்பார். மற்ற நாட்களில் இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன். குழம்பு இன்னமும் மூன்று பேருக்குத்தான் வருகிறது.

போன பொங்கலுக்கு அத்தை எனக்கு ஒரு செம்பு கொடுத்தார். பாத்திரக் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பெயர் வெட்டினாராம். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தண்ணீர் கேட்டார். அந்தச் செம்பில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிப் பார்த்தார். ‘அன்பளிப்பு: செத்துப்போன அத்தை.’

“அத்தை எப்பம்மா தவறினாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை பாத்தேன், நல்லா இருக்காக” என்றேன்.