கொடியில் காயப்போட்ட மதர்போர்டு

காடினா,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மைத்துனன் லின்ட்சேக்கு,

உன் அக்காள் புருஷன் நெவில் எழுதிக்கொண்டது. இங்கே நான், டாஃப்னி, கோழிகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே மவுண்ட் காம்பியரில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ பதில் பேசுவாய், அதைக் கேட்க எனக்குத் தைரியம் போதவில்லை. கையில் சூடான டீ ஏதாவது இருந்தால் முதலில் கீழே வைத்துவிடு.

கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய கம்ப்யூட்டர் சங்கத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். எங்கள் வேலை, ஊர் பேர் தெரியாத மதர்போர்டுகளுக்கு ஊர் பேர் கண்டுபிடிப்பது. அந்தக் காலத்தில் பாதிப் பேர் பலகையில் தங்கள் பெயரைக்கூட அச்சடிக்காமல் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு எவனோ ஒருவன் பின்லாந்தில் அதை வைத்துக்கொண்டு எந்த முள்ளில் எதைச் செருகுவது என்று தெரியாமல் விழிக்கிறான். நாங்கள் முன்னும் பின்னும் படம் எடுத்து, சில்லுகளின் எண்களைக் குறித்து, கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது திரையில் ஓடும் பொடி எழுத்தைப் படித்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவோம். "அநாதைப் பிணத்துக்கு ஆள் அடையாளம் காட்டுற வேலை. இதுக்குச் சம்பளம்கூட இல்லை" என்பாள் உன் அக்கா. போகட்டும்.

ஜனவரிக் கடைசியில் வாலரூ குப்பைக் கிடங்கின் பழைய சாமான் கடையில், உடைந்த ரொட்டி வாட்டும் இயந்திரங்களுக்கு அடியில் ஒரு மதர்போர்டு கிடைத்தது. பேர் இல்லை, எண் இல்லை, தயாரித்த நாடுகூட இல்லை. பேட்டரி ஒழுகிப் பச்சையாகப் பூத்திருந்தது. எலி அதன் மேல் குடும்பமே நடத்தியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டகையில் டாஃப்னியின் இஸ்திரிப் பலகை மேல் வைத்து, மேலும் கீழும் வளைத்து வளைத்துப் படம் எடுத்துவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தேன். இருமிற்று, கனைத்தது, திரை வெளுத்தது. அடியில் ஒரு வரி வந்தது, லின்ட்சே. "அடிலெய்டில் செய்தது. எல். ட்ரென்வித்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், உன் பெயரேதான். "டாஃப்னி! ஓடி வா!" என்று கத்தினேன். அவள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாம்பா?" என்றாள். "இல்லை" என்றேன். "அப்ப ஓவர் முடியட்டும்" என்றாள். போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தால் இடமில்லை என்றது. அவ்வளவு இடத்தையும் அந்தப் பலகையின் முதுகைப் படம் எடுத்தே நிரப்பியிருந்தேன். அதற்குள் அந்த வரி போய்விட்டது. எங்கே போய்விடப்போகிறது, இன்னொரு நாள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டேன்.

நான் அப்படியே பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன். அடிலெய்டில் அதை நீ செய்துகொண்டிருந்த நாளிலேயே கேலியை ஆரம்பித்தவன் நான்தான். கம்பெனி மூடி, சரக்கெல்லாம் ஏலத்தில் போய், உன் கையில் காட்ட ஒன்றுகூட மிஞ்சாமல் போனது எனக்கு இன்னும் வசதியாகிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், இறாலும் ஹாமும் மேஜைக்கு வந்து, எல்லோரும் காகிதக் கிரீடம் மாட்டிக்கொண்ட பிறகு நீ, "நான் ஒரு மதர்போர்டு செஞ்சேன், தெரியுமா?" என்று ஆரம்பிப்பாய். "ஆமாப்பா, அந்த வாரம்தான் நான் சிட்னி பாலத்தைக் கட்டி முடிச்சேன்" என்பேன் நான். மேஜையே சிரிக்கும், நீயும் சிரிப்பாய். முப்பது வருஷமாக அதே ஜோக். போன கிறிஸ்துமஸில் நம் வீட்டுப் பெண் மேகனைக் கட்டிக்கொள்ளப்போகும் பையன், "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று உன்னைக் கேட்டான். நான் பாலத்தோடு தயாராக இருந்தேன். நீ, "சும்மா ஒரு கடை வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தினாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கொட்டகையில் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நன்றாகவே உறைத்தது.

சரி, ஈஸ்டருக்கு நீ வரும்போது அதை மேஜை மேல் வைத்து எல்லோர் முன்னாலும் ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எலி மூத்திரத்தோடு வைக்க முடியுமா? அங்கேதான் சனி பிடித்தது. இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, பச்சைக்கு வினிகர் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டினேன். நடுவில் இருந்த ஒரு சில்லு மேல் அழுகிப்போன ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதையும் உரித்துவிட்டேன். பிறகு துணிக்கொடியில், என் பைஜாமாவுக்கும் டாஃப்னி புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்துக்குப் போடும் பௌலிங் பாவாடைக்கும் நடுவே, கவ்விகள் போட்டுத் தொங்கவிட்டேன். "அக்கம்பக்கம் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் உன் அக்கா. "விஞ்ஞானின்னு நினைப்பாங்க" என்றேன். மறுநாள் காலையில் கிளேரில் அவளுடைய பௌலிங் போட்டி. போனோம், அங்கேயே தங்கினோம், அரையிறுதியில் தோற்றோம், கோபித்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் தங்கினோம். பிப்ரவரி மாத வெயில், லின்ட்சே. காக்கைகூட நிழல் தேடும் வெயில்.

திரும்பி வந்து மாட்டினேன். திரை கறுப்பு. இருமல் இல்லை, கனைப்பு இல்லை. சங்கத்து மெர்வினுக்குப் போன் போட்டேன். அவன் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவன், எதற்கும் பதறமாட்டான். ஸ்டிக்கரை உரித்த கதையைச் சொன்னதும் பதறினான். "ஸ்டிக்கருக்கு அடியில சின்னதா கண்ணாடி ஜன்னல் இருந்துதா?" "இருந்துது." "அதை வெயில்ல போட்டியா?" "காயத்தான் போட்டேன்." "மச்சான், அந்தச் சில்லுக்குள்ளதான் எல்லா எழுத்தும் இருக்கு. ஜன்னல் வழியா வெயில் பட்டா அழிஞ்சிடும். அழியக் கூடாதுன்னுதான்யா ஸ்டிக்கர் ஒட்டுறது!" "திரும்ப எழுத முடியாதா?" "வேற பிரதி உலகத்துல எங்கயாவது இருந்தா எழுதலாம். இருக்கா?"

இல்லை. இருந்த ஒன்றும் என் பைஜாமா பக்கத்தில் தொங்கியது. டாஃப்னியிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "என் தம்பி மானத்தைத் துணியோட துணியா காயப்போட்டுட்டீங்களே" என்றாள். அன்று ராத்திரி அவள் சுட்ட கறி அடைத்த பேஸ்டி தீய்ந்திருந்தது. சாஸ் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. அந்த யோசனையும் எனக்கு வந்தது, ஒளிப்பானேன்? ஆனால் அந்த வரியைப் பார்த்த கண் உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். நம்பாதவனாகப் பார்த்து அவனுக்கே கடவுள் காட்டியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, லின்ட்சே. சில்லை அழித்ததற்கு ஒரு பங்கு என்றால் பாலத்துக்கு ஒன்பது பங்கு. அதனால் ஒன்று செய்யப்போகிறேன். ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம், ஆட்டுக்கறியை வெட்டுவதற்கு முன்னால், நான் நாற்காலி மேல் ஏறி நின்று, போன கிறிஸ்துமஸின் காகிதக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு, "லின்ட்சே மதர்போர்டு செய்தது நிஜம், நான் கண்ணால் பார்த்தேன், நான்தான் முட்டாள்" என்று குடும்பம் முழுக்கக் கேட்கச் சொல்லுவேன். அவர்கள் நம்புவார்களா என்று தெரியாது. நம்பாமல் சிரித்தால் அந்தச் சிரிப்பு இந்தத் தடவை என் தலையில் விழட்டும்.

உன் முழங்காலுக்குச் சுகம் வரட்டும். உன் தோட்டத்துக்கு மழையும், உன் வீட்டுக்கு நிம்மதியும் கிடைக்கட்டும். டாஃப்னி உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தலை குனிந்த அத்தான்,
நெவில் பாஸ்கோ

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் பிரித்து எழுதுகிறேன். மெர்வின் நேரில் வந்தான். பலகையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "மெமரி எங்கடா?" என்றான். குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய மெமரிப் பட்டைகளைத் திரும்ப மாட்டவே இல்லை, நான். டாஃப்னி முள்கரண்டி இழுப்பறையைத் திறந்தாள், உள்ளே ஸ்பூன்களோடு படுத்திருந்தன. மாட்டினோம். இருமிற்று, கனைத்தது, உன் பெயர் வந்தது. வெயில் என்ன ஆயிற்று என்று கேட்கிறாயா? அக்கம்பக்கத்துக்கு வெட்கப்பட்டு உன் அக்கா கிளம்புவதற்கு முன்பே அதன் மேல் கம்பளியைப் போட்டு மூடியிருக்கிறாள். திரும்பி வந்ததும் அவளே எடுத்து மடித்தும் வைத்துவிட்டாள். "அழிஞ்சுபோச்சுன்னுதான் சொன்னீங்க, வெயிலாலன்னு சொல்லலையே" என்கிறாள். ஆகவே ஒன்றும் அழியவில்லை. இயந்திரமே சாட்சி சொல்லும்போது நான் எதற்கு? நாற்காலி, கிரீடம் எல்லாவற்றையும் மறந்துவிடு. எனக்குத் தலைசுற்றல் வேறு இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

இன்னொரு பின்குறிப்பு: கிழிக்காதே. சங்க வழக்கப்படி மெர்வின் சில்லுக்குள் இருந்ததையெல்லாம் பிரதி எடுத்து வரி வரியாகப் பார்த்தான். திரைக்கு வராத வரி ஒன்று அடியில் இருந்தது. சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான், டாஃப்னியும் பார்த்தாள். அன்றைக்கே நீ எழுதி வைத்த வரி இது: "நெவில் அத்தான், இப்பவாவது நம்புறீங்களா?"

நம்புகிறேன், லின்ட்சே. ஈஸ்டருக்கு வா. நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன்.