மாடியில்லாத ஊருக்கு மாற்றல்

"ஆத்தங்கரை ஊரா, மலையடி ஊரா? நாளைக்குக் காலையில ஒண்ணைச் சொல்லு. இல்லன்னா ரெண்டும் கிடையாது" என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

லிஃப்ட் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருக்கிறவர்கள் கதவை உதைத்துக் கத்தும்போதுகூட அவர் இப்படித் தலையைச் சொறிந்ததில்லை.

மேனேஜர் லேசில் விடுகிற ஆளும் இல்லை. "எல்லாரும் அந்த மாநிலத்துக்கு அனுப்பாதீங்கன்னு என் காலைப் பிடிக்கிறான். நீ அனுப்புங்கன்னு பிடிக்கிறே. அங்க மாடுதான்யா இருக்கு, மாடி ஏது? ஆத்தங்கரை ஊர்ல ஆஸ்பத்திரியில ஒரு லிஃப்ட், லாட்ஜ்ல ஒரு லிஃப்ட். மலையடி ஊர்ல ஜவுளிக்கடையில ஒண்ணே ஒண்ணு. போய் ஈ ஓட்டப் போறியா?"

"கிராமத்துக் காத்து நல்லதுன்னாங்க சார்."

"யார் சொன்னது?"

"டாக்டர் சார்."

அது பொய்யில்லை. டாக்டர்தான் சொன்னார். ஆனால் அவர் மாட்டு டாக்டர். மெக்கானிக்கின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை.

அந்த மாநிலத்தில் எங்கே பார்த்தாலும் வயல், இல்லாவிட்டால் மாடு. ஆகவே மாட்டு டாக்டருக்கு அங்கே ராஜ மரியாதை. அவரும் மகளும் குடியிருக்கும் ஊர், இந்த இரண்டு ஊர்களுக்கும் சரியாக நடுவில் இருந்தது. எந்தப் பக்கமிருந்து போனாலும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த நடு ஊரில்தான் பேத்தி இருந்தாள்.

பேத்திக்கு மூன்று வயது. கடைசியாக வந்திருந்தபோது தாத்தாவையே லிஃப்ட் ஆக்கிவிட்டாள். அவர் சட்டையின் முதல் பட்டனை அமுக்கினால் முழங்கால் வரை தூக்க வேண்டும். இரண்டாவது பட்டனுக்கு இடுப்பு. மூன்றாவது பட்டன் என்றால் தலைக்கு மேலே தூக்கி, "மூணாவது மாடி, எல்லாரும் இறங்குங்க" என்று சொல்லவேண்டும். அவள் இறங்கவே மாட்டாள். அமுக்கி அமுக்கி மூன்றாவது பட்டன் பிய்ந்தே போய்விட்டது. மனைவி பலமுறை ஊசியும் நூலுமாக வந்தாள். மெக்கானிக் தைக்க விடவில்லை. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், பட்டன் இல்லாத சட்டையோடு அலைந்தார்.

பேத்தியைப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிக்கோ, மகளைப் பார்க்காமல் சமைக்கவே கை வரவில்லை. இருவரும் ஏங்கி ஏங்கி இளைத்துப்போனார்கள். விஷயம் அவ்வளவுதான்.

நேராக மகளிடம், "உன் பக்கத்துல வந்து இருக்கோம்மா" என்று சொன்னால் என்ன கேடு? அங்கேதான் மனைவி குறுக்கே நின்றாள்.

"பொண்ணு பின்னாடியே பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் நாக்கைப் பிடுங்கிக்கணும். நாமளா போகலை. ஆபீஸ்ல தூக்கி அடிச்சுட்டாங்க. எல்லார்கிட்டயும் அதான் சொல்லணும்."

"சரி. எந்த ஊருக்குத் தூக்கி அடிச்சாங்க?"

"மலையடி ஊருக்கு. அங்கேயிருந்து வர்ற பஸ் அவ தெருமுனையிலயே நிக்குதாம்."

"ஆத்தங்கரை ஊர்ல ரெண்டு லிஃப்ட் இருக்கு. போனா வேலைன்னு காட்ட வேண்டாமா?"

"ரெண்டு லிஃப்டை வெச்சுக்கிட்டு என்ன, நீங்களும் நானும் ஆளுக்கொண்ணுல ஏறவா?"

பேச்சு வளர்ந்ததே தவிர முடியவில்லை. உள்ளூர்க்காரர்களிடமே கேட்டுவிடுவோம் என்று மெக்கானிக் மகளுக்குப் போன் போட்டார். ஜாக்கிரதையாகவே ஆரம்பித்தார்.

"அம்மாடி, என் ஃப்ரெண்டு ஒருத்தர் உங்க மாநிலத்துக்குக் குடிவரப் பாக்கறார். ஆத்தங்கரை ஊர், மலையடி ஊர், ரெண்டுல எது தேவலை?"

"ரெண்டும் வேண்டாம்னு சொல்லுங்கப்பா!" மகள் பட்டென்று சொன்னாள். "அந்த ஊரை விட்டுட்டு யாராவது இங்க வருவாங்களா? உங்க ஃப்ரெண்டுக்கு என்ன பைத்தியமா?"

பைத்தியம் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டது.

"சரிம்மா, சொல்லிடறேன். மாப்பிள்ளை இருக்காரா?"

மாப்பிள்ளை போனை வாங்கினார். "ஆத்தங்கரை ஊர்தான் மாமா நல்லது. தண்ணி இருக்கு, புல்லு இருக்கு, நோய் கிடையாது. நல்லா கறக்கும்."

"என்னது கறக்கும்?"

"அவர் என்ன வெச்சிருக்கார்? எருமையா, பசுவா?"

"ஒரு மனைவிதான் மாப்பிள்ளை," என்று சொல்லிப் போனை வைத்தார் மெக்கானிக்.

மகளின் பதிலைக் கேட்டு மனைவியின் முகம் வாடிவிட்டது. "நாம வர்றது அவளுக்குப் பிடிக்காதோ?" என்றாள்.

"சேச்சே, அவ என் ஃப்ரெண்டைத்தானே வேண்டாம்னா?"

"உங்களுக்கு ஃப்ரெண்டு ஏது?"

அன்று ராத்திரி இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். ஆனால் காலையில் மெக்கானிக்குக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. பாவம், இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒன்றும் கேட்காதவள். ஆசைப்பட்ட ஊருக்கே போவோம். நேராக மேனேஜரிடம் போய், "மலையடி ஊர் சார்" என்றார்.

வீட்டில் மனைவிக்கும் அதே நேரத்தில் அதே இரக்கம் வந்து தொலைத்தது. பாவம், வேலை பார்க்கிறவர் அவர்; அவர் சொல்கிற ஊருக்கே போவோம். இரண்டு ஊரிலும் வாடகைக்கு வீடு விசாரித்து வைத்திருந்தாள். மலையடி ஊர் வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். ஆத்தங்கரை ஊர் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "சாமானோட வந்துடறோம்" என்றாள்.

சாயங்காலம் இருவரும் சிரித்த முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உனக்காக மலையடி ஊரையே சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"ஐயையோ, நான் உங்களுக்காக ஆத்தங்கரை ஊர்ல வீடு பிடிச்சுட்டேனே!"

வேலை ஒரு ஊரில், வீடு ஒரு ஊரில். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். அதற்குக் கிடைத்த பலன் இது.

மறுநாள் மெக்கானிக் மறுபடியும் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"சார், ஆத்தங்கரை ஊர்னு மாத்திக்கலாமா?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

"நான் என்ன உன் வீட்டு லிஃப்டாய்யா, இஷ்டத்துக்கு அமுக்கி மேலயும் கீழயும் ஓட்டறே? ரெண்டு ஊரையும் நீயே பாரு. வாரம் பூரா பஸ்ல அலைஞ்சு இடுப்பு ஒடியட்டும். மூணு வருஷத்துக்குத் திரும்பி வர்றேன்னு வாயைத் திறக்கக் கூடாது. சம்மதம்னா கையெழுத்துப் போடு."

தண்டனை கொடுத்தோம் என்று மேனேஜர் நினைத்தார். மெக்கானிக்குக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற பஸ் எந்த வழியாகப் போகிறது? நடு ஊர் வழியாக! போகும்போது ஒரு மூன்றாவது மாடி, வரும்போது ஒரு மூன்றாவது மாடி. பேனாவை வாங்கி, மேனேஜர் மனம் மாறுவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் தெருவே துக்கம் விசாரித்தது.

"என்னங்க, இந்த வயசுல இப்படிப் பண்ணிட்டாங்களே!"

"என்ன பண்றது, ஆபீஸ்ல தூக்கி அடிச்சுட்டாங்க" என்றார் மெக்கானிக், வாயெல்லாம் பல்லாக. அழுதுகொண்டே சொல்ல வேண்டிய வசனம் என்று மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள்.

மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. முன்னாலேயே சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இருவருக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கி, திங்கட்கிழமை அவள் வாசலில் போய் நின்றுகொள்வது என்று திட்டம். ஆனால் பெற்ற மனசு கேட்குமா? கிளம்புவதற்கு முதல் நாள் மனைவி போன் செய்தாள்.

"அம்மா, வீடு ஒரே களேபரமா இருக்கு. அப்புறம் பேசறேன்" என்றாள் மகள்.

"பாப்பாகிட்டயாவது குடேன்."

"அவளும் பிஸிம்மா. வெச்சுடறேன்."

மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன பிஸி? மனைவி போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நாம அவளை நினைக்கிற அளவுக்கு அவ நம்மளை நினைக்கலீங்க."

மெக்கானிக் அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார். "பேசக்கூட நேரமில்லாம கஷ்டப்படறா பாரு. அதுக்குத்தான் நாம போறோம்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை போதவில்லை. ஆனாலும் என்ன செய்வது? வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. சாமான்களை லாரியில் ஏற்றித் தார்ப்பாயும் மூடியாயிற்று.

லாரி முன்னால் போக, இருவரும் பின்னால் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் வயல். மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி, "இதுக்கு நம்ம மாப்பிள்ளைதான் வைத்தியம் பாத்திருப்பார்" என்று பெருமைப்பட்டாள். ஆத்தங்கரை ஊரில் இறங்கிப் பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருந்தது. சின்ன முற்றம், இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் ஆறு. முன்னால் கிளம்பிய லாரியைத்தான் காணோம். இருவரும் வெறுந்தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"பாப்பா இங்க தவழ்ந்து விளையாடலாம்" என்றாள் மனைவி.

"அவ ஓடறா இப்போ."

"எனக்கு அவ இன்னும் தவழ்றாப்பலதான் இருக்கு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாக மத்தியானம் லாரி வந்தது. டிரைவர் இறங்கும்போதே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினார். "கோவிச்சுக்காதீங்க சார். திரும்பும்போது காலி வண்டியா போக வேண்டாமேன்னு ஒரு லோடு பிடிச்சேன். வழியில நடு ஊர்ல நின்னு, சாமான் எவ்வளவுன்னு பாத்துட்டு வந்தேன்."

சாமான்களை இறக்கி முடித்தார்கள். மனைவி அடுப்பைப் பற்றவைத்து டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மெக்கானிக்கின் கண் சட்டென்று டிரைவரின் சட்டைமேல் போனது. நடுவில் ஒரு பட்டன் இல்லை.

"என்னப்பா, உனக்கும் பட்டன் போச்சா?" என்று சிரித்தார்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க! லோடு ஏத்தப்போற வீட்ல ஒரு வாண்டு. பட்டனை அமுக்கி அமுக்கித் தூக்கு தூக்குன்னு ஒரே ரகளை. பிச்சே எடுத்துட்டுது." டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "அவங்க நீங்க காலி பண்ணிட்டு வந்த ஊருக்குத்தான் சார் குடிபோறாங்க. அங்க பொண்ணோட அப்பா அம்மா இருக்காங்களாம், சொல்லாம போய் நிக்கப்போறாங்களாம். அந்த ஆளு மாட்டு டாக்டர் சார்! மாடே இல்லாத ஊருக்கு நீங்க எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, 'என்ன பண்றது, ஆபீஸ்ல தூக்கி அடிச்சுட்டாங்க'ங்கறார், வாயெல்லாம் பல்லா!"