மூன்று டம்ளர் பீட்ரூட்

டம்ளரில் இருந்த பீட்ரூட் ஜூஸை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சூரர் எலுமிச்சை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்கிறவர்களுக்கு நடைப்பயிற்சி போலத் தெரியட்டும் என்று காலியாக இருந்த கையை மட்டும் பலமாக வீசினார்.

சூரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆரம்பசூரர் என்று மனைவி வைத்தது. மாமனார் அதைச் செல்லமாகச் சுருக்கினார். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். தேனீ வளர்த்தார், முகம் வீங்கியதும் பெட்டிகளை மூடினார். காளானுக்குக் கொட்டகை போட்டார். அதில் இப்போது உடைந்த சைக்கிள்தான் இருக்கிறது. முயல் வாங்கினார், அவை பக்கத்துத் தோட்டத்தில் சௌக்கியமாக இருக்கின்றன.

இந்தத் தடவை பீட்ரூட். விளைச்சல் அமோகம், ஆனால் வாங்குவதாகச் சொன்ன வியாபாரி போனையே எடுக்கவில்லை. மூட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ பீட்ரூட் ஜூஸின் மகிமை பற்றி ஒரு வீடியோ அனுப்பினார்கள். மறுநாளே ஜூஸ் மெஷின் வந்து இறங்கிவிட்டது.

"இனிமே மூணு வேளையும் ஜூஸ்தான். உடம்பு காத்து மாதிரி ஆயிடும்" என்றார் சூரர்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள் மனைவி.

"மூட்டையெல்லாம் தீர்ற வரைக்கும்."

"ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க."

"தாங்கிட்டேன்னா?"

"அப்புறம் என் வாயால உங்களை ஆரம்பசூரர்னு சொல்லவே மாட்டேன். ஆனா நானும் குடிப்பேன், அப்பாவும் குடிப்பார். யாரு முதல்ல விடுறாங்கன்னு பார்த்துடலாம்."

"எனக்கு வழிய வழிய ஊத்தும்மா" என்றார் மாமனார். தட்டைக் கண்டாலே முகத்தில் தனிக் களை வந்துவிடும் மனிதர் அவர். அவரே சம்மதித்த பிறகு சூரர் பின்வாங்க முடியுமா?

உட்கார்ந்து மடமடவென்று குடிக்கக் கூடாது, காலாற நடந்து, வாய் வாயாக மென்று குடிக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் வேளாவேளைக்கு மூன்று பேரும் டம்ளரும் கையுமாக மூன்று திசையில் கிளம்பினார்கள்.

முதல் நாள் சூரர் ரசித்துக் குடித்தார். இரண்டாம் நாள் மண்ணைக் கரைத்துக் குடிப்பது போல இருந்தது. அதற்கடுத்த நாள் டம்ளரைப் பார்த்ததுமே தொண்டை மூடிக்கொண்டது. அப்படித்தான் எலுமிச்சை மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேரில் கவிழ்த்தார்.

எங்கிருந்தோ கோழிகள் அத்தனையும் ஓடி வந்து அந்த ஈர மண்ணைக் கொத்தின.

"இங்க வாங்களேன்" என்று சற்று நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். "கோழி அலகெல்லாம் ரத்தம். ஒண்ணையொண்ணு கொத்திக்குது போல."

"ஆமா, ரெண்டு நாளா முறைச்சுக்கிட்டுத்தான் திரியுதுங்க" என்றார் சூரர் அவசரமாக.

"அப்போ கூண்டைத் தடுத்து விடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று கூண்டுக்குள் கம்பி வலை அடித்தார். பிரிக்கப்பட்ட கோழிகள் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று அவரைத் திட்டித் தீர்த்தன. வேலை முடிந்ததும் மனைவி அன்போடு இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி மண்ணில் கொட்டினால் ஆபத்து. மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். வெள்ளைப் பசு ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல அவர் கையை நக்கியது. சூரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் தன் ஜூஸை மதிக்கிற ஜீவன் ஒன்று இருக்கிறதே.

பசிக்கு வழி? பக்கத்திலேயே மாட்டுக்கு வைத்திருந்த பிண்ணாக்கு மூட்டை. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். பீட்ரூட்டுக்குப் பிறகு அது அமிர்தமாக இருந்தது. பசு அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டது, அவர் பசுவுடையதைச் சாப்பிட்டார். யாருக்கும் நஷ்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனாலும் மற்ற இருவரையும் பார்த்தால் பொறாமையாக இருந்தது. மனைவி பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தாள். மாமனார் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "என்ன மாப்பிள்ளை, நரம்பெல்லாம் முறுக்கேறுதில்ல?" என்றார்.

"ஏறுது மாமா" என்றார் சூரர், பல்லிடுக்கில் இருந்த பிண்ணாக்கை நாக்கால் தள்ளியபடி.

"பிண்ணாக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்றாள் மனைவி பொதுவாக. மாமனார் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் அது நடந்தது. கொட்டகையிலிருந்து மனைவி அலறினாள்.

"பசு சிவப்பா மூத்திரம் போகுதுங்க. ரத்தம் மாதிரி இருக்கு."

சூரர் ஓடிப்போய்ப் பார்த்தார். பார்த்ததுமே அது எந்தச் சிவப்பு என்று புரிந்துவிட்டது. பசுவோ எதுவும் அறியாமல் அவர் கையில் டம்ளர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது.

"வெயில் சூடா இருக்கும்" என்றார்.

"மூணு நாளா வானம் மூடிக் கிடக்குது."

"அப்போ குளிர்ச்சி."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் மாட்டு டாக்டரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மாமனார் வாசலுக்கே ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டு, காதோடு காதாக ஏதோ சொன்னபடி அழைத்துவந்தார். டாக்டர் பசுவின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, சைக்கிள் பம்பு கனத்துக்கு ஓர் ஊசியை எடுத்துத் துணிமேல் வைத்தார்.

"வெந்நீர் வேணும்" என்றார். மனைவி அடுக்களைக்குப் போனாள். "கயிறும் வேணும்" என்றார். மாமனார் போனார்.

சூரர் ஊசியைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நின்றால் இந்த முறையாவது மானம் தப்பும். ஆரம்பசூரர் என்ற பட்டம் ஒழியும். ஆனால் எந்தத் தப்பும் செய்யாத இந்த வாயில்லா ஜீவன் ஊசி குத்து வாங்கும். பசு நம்பிக்கையோடு அவர் கையை நக்கியது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"டாக்டர், ஊசி வேண்டாங்க" என்றார், குரல் கம்ம. "அது ரத்தம் இல்லை, பீட்ரூட். என் ஜூஸை வேளாவேளைக்கு இதோட தொட்டியிலதான் ஊத்தினேன். பிண்ணாக்கைத் தின்னதும் நான்தான். தயவு செஞ்சு வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் ஊசியைத் துடைத்துப் பைக்குள் வைத்து மூடினார்.

"உங்க வீட்டம்மா போன்லயும் உங்க மாமனார் வாசல்லயும் இதையேதான் ஒத்துக்கிட்டு, இப்படியேதான் கேட்டுக்கிட்டாங்க, கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம தாக்குப் பிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."