காதுகுத்துக்கு வந்த போர்ச் சங்கு

நான் ராணுவத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, வெயிலில் நின்று மயங்கி விழுந்து, இரண்டாவது வாரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒற்றை ஆளாக, ஒரு தோட்டாகூடச் சுடாமல், நூற்றைம்பது பேரைப் பின்வாங்க வைத்திருக்கிறேன். அவர்களில் என் தங்கையும் உண்டு, அவளுடைய மாமியாரும் உண்டு.

நடந்து பத்து வருடம் இருக்கும். அப்போது எனக்குப் பழைய ராணுவ வண்டிப் பித்து முற்றியிருந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு ஜீப்பை சேலத்தில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடித்து, லாரியில் ஏற்றி மொரப்பூருக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி மல்லிகா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல இன்ஜின் எங்கங்க?"

"அது தனியா வருது."

"ஓகோ. பொண்ணு ஒரு பஸ்ல, மாப்ள ஒரு பஸ்லயா?"

இன்ஜின் வந்தது. அது ஓட மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் எனக்குத் துணை ஒரு வாட்ஸ்அப் குழு. என்னைப் போலவே பழைய ராணுவ வண்டிகளைப் புதுப்பிக்கும் நாற்பது பேர் அதில் இருந்தோம். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஜவுளிக்கடைக்காரர், இன்னொருவர் கோழிப்பண்ணை. ஆனால் குழுவுக்குள் எல்லோரும் மேஜர், கர்னல்தான். (நான் ஆறு மாதம் கழித்துத்தான் லெப்டினென்ட் ஆனேன். அதுவும் கேட்டு வாங்கியது.) என் ஜீப்புக்கு அடித்த பச்சை சரியான ராணுவப் பச்சையா, இல்லை வனத்துறைப் பச்சையா என்று அங்கே பத்து நாள் சண்டை நடந்தது. கடைசியில் பல் டாக்டர் குழுவை விட்டு வெளியேறினார்.

அசல் கெடக்கூடாது என்பது குழுவின் முதல் சட்டம். அசல் வண்டியில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் எழுத்து கிடையாது. ஆகவே நானும் எழுதவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தச் சங்கு வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் விமானம் குண்டு போட வந்தால் ஊரை எச்சரிக்க, கையால் சுற்றி ஊதும் இரும்புச் சங்கு. பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது.

"எந்தப் போர்ல இருந்ததுங்க?" என்று கேட்டேன்.

"பெரிய போர் சார்," என்றார் கடைக்காரர்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. துரு நீக்கி, எண்ணெய் விட்டு, பச்சை அடித்தேன். நாலு சுற்றுச் சுற்றியதும் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆகவே ஒரு மோட்டாரை மாட்டி, ஜீப்பின் முன்பக்கத்தில் பொருத்தி, பாட்டரியோடு இணைத்தேன். அதற்கான பொத்தானை ஹாரன் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. (பார்க்க அழகாக இருந்தது. அதை மட்டும் இன்றும் ஒப்புக்கொள்வேன்.)

அந்த ஆடி மாதத்தில் தங்கை சுமதி தன் மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்த முடிவு செய்தாள். மூன்று வயதுக் குழந்தை. ஒகேனக்கல்லுக்குச் சற்று முன்னால், ஆற்றோரம் இருக்கும் முனியப்பன்தான் அவர்களுடைய குலதெய்வம். நான் தாய்மாமன். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும், சீர் என் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

"சீரு ஜீப்புலதான் வருது," என்று போனில் அறிவித்தேன்.

"வேணாண்ணா. வேன் வெச்சுட்டு வா. எங்க மாமியாருக்குச் சத்தம் ஆவாது."

"நீ பாரு. மாப்ள வூட்டு ஆளுங்க எல்லாம் அசந்துருவாங்க," என்றேன். அசந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் அப்போது தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கர்நாடகாவில் மழை பெய்து அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால், ஆற்றோர மக்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போகும். அந்த வாரமும் போனது. 'அபாயச் சங்கு ஒலித்தால் உடைமைகளை எடுக்கத் தாமதிக்காமல், குழந்தைகள், முதியவர்களுடன் உடனடியாக மேடான பகுதிகளுக்குச் செல்ல வேண்டும்.' வெள்ளிக்கிழமை மாலை அதைத் தட்டச்சு செய்தவன் நான். சனிக்கிழமை ஆட்டோவில் மைக் கட்டி அதை ஊர் ஊராக வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் அதே ஊருக்குச் சங்கோடு கிளம்பினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று என் மூளைக்குத் தோன்றவே இல்லை.

பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பின்சீட்டில் மல்லிகாவும் பதினொரு சீர்த்தட்டுகளும். பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில் இறங்கும்போது எதிரே வந்த ஒரு லாரி டிரைவர் எனக்கு சல்யூட் வைத்தார். நானும் திருப்பி வைத்தேன்.

"ஸ்டியரிங்கப் புடிங்க," என்றாள் மல்லிகா.

கோவிலில் பந்தல் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பிரியாணி அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நான் அரை மணி தாமதம் என்பதால் சுமதியின் மாமியார் பொறுமையிழந்து, குழந்தையை அப்பா மடியில் வைத்து மொட்டையை ஆரம்பித்துவிட்டார். முடி வெட்டுபவர் வலது பக்கத்தை முடித்து இடது பக்கத்துக்குத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் வந்ததைத் தெரிவிக்க வேண்டாமா? ஹாரனை அழுத்தினேன்.

அது ஹாரன் இல்லை.

முதலில் மாடு முனகுவது போல ஆரம்பித்தது. பிறகு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எதிர்க்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்து, இரண்டு சங்கு ஊதுவது போல ஆனது. பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். சங்கு நிற்கவில்லை. பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தலில் ஒரு கணம் எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பச்சை ஜீப், பச்சைச் சட்டை, தொப்பி.

"மிலிட்டரியே வந்துருச்சு. ஏறுங்கடா மேல," என்றது ஒரு குரல்.

என் அரசுப் பணியில் நான் தட்டச்சு செய்த ஒரு குறிப்பை மக்கள் வரிக்கு வரி பின்பற்றியது அன்று ஒரு நாள்தான். உடைமைகளை விட்டார்கள். குழந்தைகளைத் தூக்கினார்கள். முதியவர்களைக் கைப்பிடித்து இழுத்தார்கள். சத்தமே ஆகாத சுமதியின் மாமியார் முழங்கால் வலியையும் மறந்து முதல் ஆளாகப் பாறைமேல் நின்றார். சுமதி பாதி மொட்டைக் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளை செந்தில் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். (குறிப்பை மீறியவர் அவர் ஒருவர்தான்.)

"ஒன்னுமில்லீங்க, சைரன்தாங்க," என்று நான் கத்தினேன். அந்த இரைச்சலில் அவர்களுக்குக் கேட்டது 'சைரன்' மட்டும். இன்னும் வேகமாக ஏறினார்கள்.

பாட்டரி வயரைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் பின்சீட்டுக்கு அடியில். சீட்டின் மேல் சீர்த்தட்டுகள். நான் ஒவ்வொன்றாக இறக்கி வைக்க, கோவில் மரத்துக் குரங்குகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. மல்லிகா மட்டும் ஓடவில்லை. வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன் ஓடல?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் யாருன்னு தெரியுமே."

ஸ்பேனர் கைக்கு வந்தபோது பாட்டரி தீர்ந்து சங்கு தானாகவே ஓய்ந்தது. காவிரி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண்கூட ஏறவில்லை.

மேலே போனவர்களைக் கீழே இறக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பிரியாணி அடிப்பிடித்தது. வாட்ஸ்அப்பில் 'ஆற்றோரம் ராணுவம் குவிப்பு' என்று என் படம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் குழுவுக்கும் வந்தது. அங்கே கோழிப்பண்ணைக் கர்னல் போட்ட ஒரே பதில்: 'ஷேடு தப்பு.'

முடி வெட்டுபவரைக் காணவில்லை. செந்தில் போன் போட்டார்.

"நான் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல இருக்கறனுங்க. தண்ணி வடிஞ்சதும் சொல்லுங்க, வர்றேன்."

"தண்ணியே வரலீங்க."

"அப்ப வர்றதுக்குள்ள நீங்களும் கெளம்பிருங்க," என்று வைத்துவிட்டார்.

மொட்டை முடியாமல் காது குத்தக் கூடாது என்று சுமதியின் மாமியார் சொல்லிவிட, நகைக்கடையிலிருந்து வந்திருந்த பத்தர் ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினார். சுமதி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நீ வந்து மடியில வெச்சுக்குவேன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தண்ணா. இப்பயாச்சும் வெச்சுக்க," என்று மட்டும் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. யாழினி என் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பாதித் தலை மறைந்தது. அன்றைக்கு என் ராணுவ உடைகளில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டார்.

"நேத்து ஆத்தோரம் யாரோ சங்கு ஊதி ஜனங்கள ஓட வுட்டுருக்காங்க. மேலருந்து கேக்கறாங்க. ஒரு அறிக்கை ரெடி பண்ணுங்க."

என்ன செய்ய? உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். 'அடையாளம் தெரியாத மர்ம நபர் ஒருவர்...'

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மர்ம நபருக்கு என்ன வயசிருக்கும்?"

"முப்பத்தஞ்சு இருக்கலாம் மேடம்."

"பச்சைச் சட்டையா?"

"அப்பிடித்தான் பேசிக்கறாங்க மேடம்."

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். கையில் ஸ்பேனர், பக்கத்தில் குரங்கு, நடுவில் நான்.

"மர்ம நபரு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறாரு பாருங்க. 'அடையாளம் தெரியாத'ங்கறத எடுத்துட்டு உங்க பேரப் போடுங்க. அப்பிடியே கீழ கையெழுத்தும் போட்டுக் கொண்டாங்க."

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். விசாரணை முடிந்து வேலை தப்பியது. ஆனால் என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிட்டது: 'போர்க்கால அபாயச் சங்கை அமைதிக் காலத்தில் ஒலித்தமைக்காகக் கண்டிக்கப்படுகிறார்.' இந்திய அரசுப் பணி வரலாற்றில் இந்தக் குற்றத்துக்காகக் கண்டிக்கப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சங்கை மல்லிகாவே எடைக்குப் போட்டுவிட்டு வந்தாள். ஜீப் மட்டும் இருக்கிறது. இப்போது அதன் எல்லாப் பொத்தான்களிலும் தமிழில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

போன மாதம் சுமதி பென்னாகரத்தில் வீடு கட்டிக் குடிபோனாள். பத்திரிகை வந்தது. பிரித்துப் படித்த மல்லிகா சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். கணபதி ஹோமம், பால் காய்ச்சுதல், எல்லாம் வழக்கம்போல நேரத்தோடு இருந்தன. நாலாவது வரியில், தங்க நிற எழுத்தில் இப்படி அச்சடித்திருந்தார்கள்:

'தாய்வீட்டுச் சீர் வருகை: காலை 9 மணி (பேருந்தில்).'

பேருந்தில்தான் போனோம். அவள் வீட்டு வாசலில் இறங்கி, தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது டிரைவர் கிளம்புவதற்காக ஏர் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தார். உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுமதியின் மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சேலையை இடுப்பில் சொருகினார். பிறகு நிதானமாகப் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்:

"சுமதி அண்ணன் வந்துட்டாப்ல இருக்குது. மொட்டைமாடிக்குப் படி எந்தப் பக்கம்?"