ஆட்டத்துக்குப் பயந்து நாயோடு ஓடினேன்

ஆடப் போவதில்லை என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்யும் துணிச்சல் இருந்தால் நான் ஏன் பெவர்லியின் கணவனாக இருக்கிறேன்?

ஆகஸ்டில் எங்கள் மகள் இமோஜனுக்குக் கல்யாணம். விருந்து முடிந்ததும் மணமக்கள் ஆடுவார்கள். அடுத்து பெண்ணைப் பெற்றவர்கள் ஆட வேண்டும். ஊரே வட்டமாக நின்று பார்க்கும். நான் சும்மா நடந்தாலே யாராவது ஒருவர் காலை மிதிப்பவன். வீட்டில் இத்தனை வருஷமாக வாலாட்டிக்கொண்டிருப்பது போதாதா? சபையில் உடம்பையும் ஆட்ட வேண்டுமா?

"லட்லோ டவுன்ல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடன வகுப்பு இருக்கு, கிரஹாம். ரெண்டு பேரும் சேர்றோம்," என்றாள் பெவ், டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"செவ்வாயா? அடடா, செவ்வாய் எனக்கு ஆகாதே!"

"ஏன் ஆகாது?"

சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். காரணம் மேசைக்கடியில் படுத்து, ரொட்டித் துணுக்கு விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கிரேவி. எங்கள் லாப்ரடார்.

"கிரேவியைத் தடை தாண்டற பயிற்சியில சேர்த்திருக்கேன். நம்ம கிராம மண்டபத்துல நடக்குதே, அதுல. அதுவும் செவ்வாய்க்கிழமைதான்."

ஒரு வருஷமாகச் சேர்க்கச் சொல்லி அவள் நச்சரித்த வகுப்புதான். நான் தட்டிக்கழித்தே வந்தது.

"எப்ப சேர்த்தே?"

"இப்பதான்." இது பொய்யில்லை.

பூகம்பம் வரும் என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை.

"நல்ல காரியம் பண்ணே. இவனுக்கும் உடம்பு ஏறிடுச்சு," என்றாள். 'இவனுக்கும்' என்பதிலிருந்த 'உம்'மை நான் அப்போது கவனிக்கவில்லை.

நான் முப்பது வருஷம் தபால்காரன். அதாவது முப்பது வருஷம் நாயைக் கண்டு ஓடியவன். ஓய்வு பெற்ற பிறகு நாயோடு ஓடப் புறப்பட்டேன்.

மண்டபத்துக்குப் பின்னால் புல்வெளி. ரப்பர் பூட்ஸோடு நின்றார் பயிற்சியாளர் குவெண்டா. தூறல். பெவ்வும் குடையோடு வந்திருந்தாள். வேடிக்கை பார்க்கவாம்.

"நாயை ஓரமா கட்டிட்டு முதல்ல நீங்க ஓடுங்க," என்றார் குவெண்டா.

"பயிற்சி நாய்க்குத்தானே?"

"நாய் கத்துக்கும். பிரச்சினை எப்பவும் கயித்தோட மறுமுனைல இருக்கறவங்கதான். உங்க தோள் எந்தப் பக்கம் திரும்புதோ, கால் எங்க காட்டுதோ, அங்கதான் அது போகும். நாய் தப்பாப் போனா தப்பு உங்க கால்ல."

வாலில்லாமல் தனியாக ஓடினேன். பிறகு கிரேவியின் முறை. தரையில் படுத்திருந்த கம்புகளை அவன் தாண்டவில்லை, மேலே நடந்தான். பிறகு, நாய் நுழைந்து மறுபக்கம் வர வேண்டிய துணிக் குழாய். மறுமுனையில் சீஸ் துண்டைப் போடச் சொன்னார்கள். நான் பதற்றத்தில் குழாய்க்குள்ளேயே போட்டுவிட்டேன். உள்ளே போனவன் தின்றான். அங்கேயே படுத்தான்.

கூப்பிட்டேன். கெஞ்சினேன். கடைசியில் நானே தவழ்ந்து உள்ளே போனேன். பாதி தூரத்தில் என் தோள் சிக்கியது. அந்த நேரம் பார்த்து பெவ் மறுமுனையிலிருந்து ஒரே ஒரு தடவை, "கிரேவி!" என்றாள். அவன் போய்விட்டான். நான் இருந்தேன்.

"கிரஹாம், சீஸ் இருக்கு. மெதுவா வெளிய வா," என்றாள் அவள். புல்வெளி முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து வீட்டிலும் பயிற்சி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெவ் நாற்காலிகளை ஓரம் தள்ளுவாள்.

"கிரேவி பாவம், களைச்சுப்போயிருக்கான். நான் நாயா இருக்கேன், நீ திரும்பறதைப் பழகு."

"நீ நாயாவா?"

"ஒரு மாறுதலுக்கு."

ரேடியோவைப் போட்டாள். "இது எதுக்கு?" என்றேன். "நாளைக்குப் போட்டின்னு போனா சத்தம் இருக்கும். பழகிக்க வேண்டாமா? ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு. தோளைக் காட்டு. கையைப் பிடி."

"நாயைத் தொடவே கூடாதுன்னு குவெண்டா சொன்னாங்களே?"

"நான் புதுசு. பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. ஜூலையில் கிரேவி ஒரு கம்பையும் தட்டாமல், குழாயில் தூங்காமல், முழுச் சுற்றையும் ஓடி முடித்தான். குவெண்டா கை தட்டினார். நான் மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம் என்று சொல்லிவைத்தேன்.

கல்யாண விருந்து ஒரு பண்ணைக் கொட்டகையில். கழுத்தில் ரிப்பனோடு கிரேவியும் வந்திருந்தான். வாத்தியம் தொடங்கியது. பெவ் என் கையைப் பிடித்து நடுவே இழுத்துப்போனாள். சுற்றிலும் சம்பந்தி வீட்டார். வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன்.

பெவ்வின் தோள் லேசாகத் திரும்பியது. என் கால் தானாகப் போனது. ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு. மறுபடி திரும்பு. பாட்டு முடிந்தபோது யாருடைய காலும் நசுங்கியிருக்கவில்லை. கைதட்டல். இமோஜன் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிப்போயிற்று.

"பாத்தியா பெவ்!" நாற்காலியில் சாய்ந்தேன். "லட்லோ வகுப்புக்குப் போகாமலே ஆடிட்டேன்!"

"லட்லோவில செவ்வாய்க்கிழமை வகுப்பே கிடையாதே."

"என்னது?"

"நாயைச் சேர்க்கச் சொன்னா முடியாதுன்னே. ஆடச் சொன்னாலும் முடியாதும்பே. அதனால நாய் வகுப்பு நடக்கற நாள்லயே ஒரு நடன வகுப்பு இருக்குன்னு சொன்னேன். தப்பிக்க நீ நாயைத்தான் பிடிப்பேன்னு தெரியும். ஆட்டத்தை வீட்டுலயே பாத்துக்கிட்டேன்."

கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதே என்ற நிம்மதியில் எல்லாம் கரைந்துபோயிருந்தது. பியரை எடுத்தேன்.

அடுத்த பாட்டு தொடங்கியது. பெவ் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "வா," என்றாள்.

நானும் கிரேவியும் சேர்ந்தே எழுந்தோம்.

"நீ இல்லடா," என்றாள் அவனிடம்.